தகர டப்பாவில் ஒரு சிவப்புக் கொடி

வண்டிய அணைச்சிருங்க சார். இப்போதைக்குக் கேட்டு திறக்காது. முதல்ல பாசஞ்சர் போகும். அது போனதும் திறந்துருவேன்னு நினைச்சு ஆளாளுக்குக் கிக்கர உதைப்பாக. திறக்க மாட்டேன். பின்னாடியே எதிர் லைன்ல ஒரு கூட்ஸ் வருது. ரெண்டும் போனாத்தான். இருபது நிமிசம் ஆகும். இப்படி இந்த நிழலுக்கு வாங்க.

அடடே, முன்னாடி ஒரு ஆளு உக்காந்திருக்காகளே! பேரென்ன தாயி? வர்ணிகாவா. எத்தனை வயசு? நாலா. சரி சரி. எல்கேஜி போறியா, நல்லது.

என் மக உங்க பிள்ளைக்கு ஒரு வயசு மூத்தவ சார். அந்தா, கேட் ரூம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து எழுதிக்கிட்டிருக்கா பாருங்க, அவதான். பூவிழி. டூட்டி நேரத்துல பிள்ளைய வச்சுக்கக் கூடாதுதான். என்ன செய்ய, வீட்டுல ஆளு இல்ல. நீங்க வந்து இம்புட்டு நேரமாச்சே, ஒரு தடவ திரும்பிப் பாத்தாளா? பாக்க மாட்டா. அவ முன்னாடி தகர டப்பாவுல மண்ணு போட்டு ஒரு சிவப்புக் கொடி ஊனியிருக்கில்ல? அது நிக்கிற வரைக்கும் அப்படித்தான். ஆனா ஒண்ணு. தலை குனிஞ்சிருக்கும், கண்ணு மட்டும் மேல வந்து எல்லாத்தையும் பாத்துரும். ஒரு காக்கா உக்காந்தாக்கூட அவளுக்குத் தெரியும்.

எது கேட்டாலும் சொல்லுவா சார். நீங்களே கேட்டுப் பாருங்க. சரி, நான் கேக்கேன். பூவு, ஏழெட்டு எத்தனை?

பாத்தீகளா. ஐம்பத்தாறு. அம்புட்டுதான். அதுக்கு மேல ஒரு எழுத்து வராது. கேட்டாச் சொல்லிருவா, கேக்காட்டி வாயத் திறக்க மாட்டா. இது வர்றதுக்கு நான் என்ன பாடுபட்டேன்னு எனக்குத்தான் தெரியும்.

உங்க பிள்ள என்ன சார் இந்தப் பேச்சுப் பேசுது! நான் ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள அது மூணு கேள்வி கேட்டுருச்சு. ரயிலு எங்க தூங்கும்? தண்டவாளத்துல கல்லெல்லாம் யாரு கொட்டினா? அந்த அக்கா ஏன் சிரிக்க மாட்டேங்குது? கேட்டுக்கிட்டே இருக்குமோ? பேசட்டும், குழந்ததானேன்னு சொல்றீக. நானும் அப்படி நினைச்சவன்தான். போன வருசம் வரைக்கும் என் மக இதுக்கு மேல வாயாடி. ரயிலு போகும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பேரு வைப்பா. கடைசிப் பெட்டி அழுதுக்கிட்டே போகுதுப்பாம்பா. என்னத்தச் சொல்ல.

அப்புறம் அங்கன்வாடில ஒரு கூட்டம் போட்டாக. சின்னப் பிள்ளைக படிப்புக்கு வீட்டுல தாய் தகப்பன் என்ன செய்யணும்னு. பூராம் பொம்பளைக. ஆம்பளைன்னு நான் ஒருத்தன்தான் லீவு போட்டுட்டுப் போய் உக்காந்தேன். எனக்குப் பிள்ளை படிப்புன்னா அப்படி சார். நான் பன்னெண்டாவதோட நின்னவன். எனக்குச் சொல்லிக்குடுக்க வீட்டுல நாதியில்ல. என் பிள்ளைக்கு அந்தக் குறை வந்துரக் கூடாதுன்னு ஒரு வெறி.

அந்த டீச்சரு நல்லாத்தான் பேசினாக. கதை சொல்லுங்க, சமைக்கும்போது தக்காளிய எண்ணச் சொல்லுங்க, பிள்ளை கேள்வி கேட்டா அலுத்துக்காமப் பதில் சொல்லுங்க, தெரியலையா, வா ரெண்டு பேரும் சேந்து கண்டுபிடிப்போம்னு சொல்லுங்க, ஓடியாட விடுங்கன்னு என்னென்னமோ சொன்னாக. கடைசில, தினமும் ஒரே நேரத்துல பிள்ளை பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காருங்கன்னாக. முன்னாடி சொன்னதெல்லாம் மேடைக்குச் சொல்றது சார். கடைசியாச் சொன்னாக பாருங்க, அதான் விசயம். நேரம். ஒழுங்கு. அதை மட்டும் நான் பிடிச்சுக்கிட்டேன்.

என் வேலையச் சொன்னா உங்களுக்குப் புரியும். இந்தா இந்தப் போனு இருக்கில்ல? ஸ்டேசன்ல இருந்து கூப்பிட்டு இன்ன வண்டி வருதும்பாக. நான் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். கேட்டைச் சாத்திட்டேன்னு சொல்லி ஒரு நம்பர் குடுப்பேன். அவுக அதைத் திருப்பிச் சொல்வாக. எழுதிக்குவோம். முடிஞ்சுச்சு. நல்லாருக்கீகளா, அங்கிட்டு மழையான்னு ஒரு வார்த்த கூடக் கிடையாது. கூட ஒரு வார்த்த பேசினா அதுல ஒரு நம்பர் காதுல விழாமப் போயிரும். அதுல உயிரு போயிரும். பதினோரு வருசமா ஒரு பிசகு இல்ல சார் என் கேட்டுல. ஏன் இல்ல? கேட்டதுக்குப் பதில். கேக்காததுக்கு மௌனம். அம்புட்டுதான்.

இதையே பிள்ளைக்கு வச்சா என்னன்னு தோணுச்சு. ஓரம் கிழிஞ்ச பழைய கொடி ஒண்ணு கிடந்துச்சு. அதை இந்த டப்பாவுல நட்டு வீட்டுல மேசை மேல வச்சேன். வீடு அந்தா, மஞ்சச் சுவரு தெரியுதில்ல, அதான். ஒரே ரூம்பு, ஒரு அடுப்படி, பின்னாடி தரைமட்டத்துல ஒரு தண்ணித் தொட்டி. மேசைய நல்லா யோசிச்சுப் போட்டேன். பின்வாசலப் பாத்து. அங்கதான் வெளிச்சம் வரும், பிள்ளை கண்ணு கெட்டுறக் கூடாது பாருங்க.

சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். கொடி நின்னா நான் கேட்டதுக்கு மட்டும் பதில். நானா வந்து கொடிய எடுக்கிற வரைக்கும் எந்திரிக்கவும் கூடாது, வேற பேச்சும் கூடாது. நான் கை ஓங்கினதே கிடையாது சார். அது என் வழக்கமே இல்ல. பேசினா, கொடியப் பாத்துக்கிட்டுச் சுவரோரமா நிக்கணும். பத்து நிமிசம். மறுபடி பேசினா இருபது. அவ்வளவுதான் தண்டனை. அடிச்சு வளத்தா பிள்ளை கெட்டுப்போகும்.

முதல் வாரம் நின்னுக்கிட்டே இருந்தா. ரெண்டாவது வாரம் பாதி நாள். ஒரு மாசத்துல நிக்கிறதே இல்ல.

அவ அம்மா முத்துச்செல்விக்குத்தான் பிடிக்கல. "ஏங்க, பிள்ள வீட்டுல பேசாட்டி வேற எங்க போய்ப் பேசும்?"னு கேட்டா. "பள்ளிக்கூடத்துல பேசட்டும்"னேன். "அங்கயும் பேசலையாம், டீச்சரு கூப்பிட்டுக் கேட்டாக"ன்னா. நல்ல பிள்ளைன்னு சொல்றதுக்குக் கூப்பிட்டிருப்பாகன்னு நான் சொன்னேன். தப்பா சார்? பொம்பளைகளுக்கு எதுலயும் ஒரு குறை கண்டுபிடிக்கணும்.

ஒரு நாள் பாருங்க, எழுதிக்கிட்டே இருந்தவ பாவாடையிலயே ஒண்ணுக்குப் போயிட்டா. நான் கேட் ரூம்ல இருந்து வந்து பாத்தேன். கீழ ஈரம். கை பாட்டுக்கு எழுதுது. எந்திரிக்கல. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அந்தக் கட்டுப்பாடு வருமா சொல்லுங்க? முத்துச்செல்வி அன்னைக்குச் சோறு திங்கல.

இன்னொண்ணு கேளுங்க, சிரிப்பீக. ஒரு நாள் பக்கத்துல உக்காந்து வாய்ப்பாடு கேட்டுக்கிட்டிருக்கேன். இவ ஒவ்வொண்ணாச் சொல்றா, ஆனா கண்ணு என் தோள் மேல இருக்கு. அப்படியே மெதுவாக் கழுத்துக்கு வருது. எட்டாம் வாய்ப்பாடு முடியப் போகுது, சுரீர்னு ஒண்ணு! பூரான் சார், இத்தத்தண்டி. நான் துள்ளி விழுந்து உதறிட்டு, "ஏன் தாயி, பாத்துக்கிட்டேதான இருந்த, சொல்றதுக்கென்ன?"ன்னேன். என்ன சொன்னா தெரியுமா? "கொடி நின்னுச்சுல்லப்பா." அன்னைக்குக் கழுத்து இம்புட்டு வீங்கிருச்சு. ஆனா எனக்கு வலியே தெரியல சார். வர்றவன் போறவன் எல்லார்ட்டயும் சொன்னேன். என் பிள்ளை சொன்ன சொல்லு மாறாதுன்னு.

இருங்க, பாசஞ்சர் வருது. நான் கொடி காட்டணும். பாப்பாவப் பிடிச்சுக்கோங்க சார், சத்தத்துல மிரண்டுரும்.

ம். போயிருச்சு. உக்காருங்க. அந்தா, ரெண்டு பேரு கிக்கர உதைக்கான் பாருங்க. யோவ், கூட்ஸு இருக்குய்யா, பொறு!

பாப்பா என்ன கேக்குது? கடைசிப் பெட்டில யாரு இருந்தாவா? சார், கோவிச்சுக்காதீக. நானும் ஒரு தகப்பன், அதனால சொல்றேன். எல்லாத்துக்கும் நீங்க இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு பதில் சொன்னா, நாளைக்குப் பரீட்சையில உக்காந்துக்கிட்டு வாத்தியாரயே கேள்வி கேக்கும். ஒரு தடவ அதட்டுங்க. ஒரே ஒரு தடவ. பெரியவுக பேசும்போது சும்மா இருன்னு சொல்லிப் பாருங்க.

அந்தா, அடங்கிருச்சா. முகம் சுண்டிப் போச்சு, அதெல்லாம் ரெண்டு நிமிசம்தான் சார். தானா வண்டிப் பக்கமா விளையாடப் போயிருச்சு பாருங்க. பழகிரும்.

வீட்டுல ஆளு இல்லன்னேன்ல. முத்துச்செல்வி எட்டயபுரத்துப் பக்கம் அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. ரெண்டு மாசம் ஆச்சு. எங்களுக்கு ரெண்டாவது ஒரு பையன் இருந்தான் சார். அகரன். ஒண்ணேகால் வயசு. அப்பத்தான் நடை பழகிக்கிட்டிருந்தான். சுவரப் பிடிச்சுப் பிடிச்சு எங்கயும் போயிருவான்.

அன்னைக்கு அவ ரேசன் கடைக்குப் போயிருந்தா. "பையன் தூங்குறான், பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போனா, நான் இல்லைங்கல. நான் பூவிழிக்குக் கணக்குப் போட்டுக் குடுத்துட்டுப் பக்கத்துல இருந்தேன். கேட்டுல நான் போய் டூட்டி மாத்திவிட வேண்டிய ஆளு, அரை மணி நேரத்துக்கு முன்னாடியே என்னைய வரச் சொல்லிக் கூப்பிட்டான். அவனுக்கு வயித்துக் கோளாறு. போய்ப் பாக்கேன், வண்டி வர்ற நேரம். ஒண்ணுக்கு ரெண்டு வண்டி. நாப்பது நிமிசம் நகர முடியல சார். நானா விட்டுட்டுப் போனேன்? வேலை. விட்டா வேற எத்தனை உயிரு?

தொட்டிக்கு மூடி இருக்கு. பலகை மூடி. காலையில தண்ணி மொண்டுட்டு மூடாம விட்டது யாரு? அவ. முத்துச்செல்வி. நான் எத்தனை தடவ சொல்லியிருக்கேன், தண்ணி எடுத்தா மூடு, தண்ணி எடுத்தா மூடுன்னு. ஒழுங்கு வேணும் சார் மனுசனுக்கு. மூடியிருந்தா என் பிள்ளை இன்னைக்கு ஓடிக்கிட்டிருப்பான்.

அவதான் வந்து முதல்ல பாத்தா. அவ கத்தின சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. நான் ஓடிப்போய் நிக்கேன், அவ தொட்டிப் பக்கத்துல பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. பூவிழி அப்பவும் மேசையில எழுதிக்கிட்டிருக்கா சார். கொடி நிக்குது. நான் போட்டுக் குடுத்த கணக்குப் பூராம் முடிச்சுட்டு, மறுபடி முதல்ல இருந்து போட்டுக்கிட்டிருக்கா. அசையல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். பலனில்ல.

காரியம் முடிஞ்ச மறுநாளு முத்துச்செல்வி கிளம்பிட்டா. என் முகத்தப் பாக்கல. பிள்ளைய அனுப்பச் சொல்லி அவ அண்ணன் ரெண்டு தடவ வந்தாரு. படிப்பு கெட்டுப்போகும், அனுப்ப முடியாதுன்னுட்டேன். இப்பவே மூணாங்கிளாஸ் கணக்குப் போடுறா சார். முன்னாடி தினமும் ரெண்டு மணி நேரம்தான் கொடி நிக்கும். இந்த ரெண்டு மாசமா நான் கொடிய எடுக்கிறதே இல்ல. பள்ளிக்கூட நேரம் போக, காலையில கண்ணு முழிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் நிக்கும். டூட்டிக்கு வரும்போது டப்பாவோட தூக்கிக்கிட்டு வந்துருவேன். எவ்வளவுக்கெவ்வளவு படிக்காளோ அவ்வளவுக்கவ்வளவு நல்லதுதான. இப்ப அவளுக்கும் வேற நினைப்பு வரக் கூடாதுல்ல.

கண்ணத் துடைங்க சார், நீங்க வேற. நான் ஏதோ பிள்ளைகள வளக்குறதப் பத்திப் பேச வந்து எங்கயோ போயிட்டேன். அதான் சொல்றேன், நீங்களும் ஒரு கொடி வச்சுப் பாருங்க. சிவப்புத் துணி போதும். இல்லாட்டி ஒரு டம்ளரக் கவுத்தி வைங்க. எதையாவது ஒண்ணக் கண்ணுக்கு முன்னாடி வைங்க. ஒரே மாசம். இப்பவே பாருங்க, ஒரு அதட்டுதான் போட்டீக. எவ்வளவு நேரமாச்சு, ஒரு கேள்வி வரல. சத்தமே இல்ல. எவ்வளவு நிம்மதியா நாம பேசிக்கிட்டிருக்கோம்!

சத்தமே இல்லையே சார். பாப்பா எங்க?

வண்டிக்கு அங்கிட்டுப் பாருங்க. இல்லையா? அந்த மரத்துக்குப் பின்னாடி? யோவ், இங்க ஒரு சின்னப் பிள்ளை நின்னுச்சே, பாத்தீகளா? ரோஸ் கவுனு. சார், பதறாதீக, இருங்க. பூவு! பூவு, அந்தப் பாப்பா எங்க தாயி?

"டவுன் லைன்ல உக்காந்து கல்லு பொறுக்குதுப்பா. பாசஞ்சர் போனதுமே போயிருச்சு."

சார்! கேட்டுக் கம்பிக்குக் கீழ குனிஞ்சு போங்க! அந்தப் பக்கத்து லைன் சார், ரெண்டாவது லைன்! கூட்ஸு வளைவுல திரும்பிருச்சு! ஓடுங்க! நான் கொடியோட முன்னாடி போறேன், தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் பள்ளத்துல குதிச்சிருங்க, திரும்பி வராதீக! ஓடுங்க சார்!

உக்காருங்க. உக்காருங்க சார். ஒண்ணும் இல்ல. பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, பாருங்க, முழங்கால்லதான் சிராய்ப்பு. இந்தத் தண்ணியக் குடிங்க. இருங்க, டம்ளர நான் பிடிச்சுக்கிறேன். டிரைவரு ஹாரன விடாம அடிச்சாரு, அந்தக் கனத்த வச்சுக்கிட்டு அவரு எங்க நிறுத்த. கேட்டுக்கு அங்கிட்டுப் போய்த்தான் வேகம் குறைஞ்சுச்சு. நீங்க பள்ளத்துல இறங்குனதுக்கும் இஞ்சின் வந்ததுக்கும் நடுவுல நான் மூச்சு விடல சார். பதினோரு வருசத்துல இப்படி ஒண்ணு என் கேட்டுல நடந்தது கிடையாது. என்னையத் திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க. நாந்தான் அதட்டச் சொன்னேன்.

அழட்டும், அழட்டும் பாப்பா. நல்லா அழு தாயி. கேளு, என்ன வேணாலும் கேளு. ரயிலு ஷெட்டுல தூங்கும். கல்ல வண்டில கொண்டாந்து ஆளுக கொட்டுவாக. இன்னும் என்ன கேட்ட? கடைசிப் பெட்டில கார்டு இருப்பாரு.

அந்த அக்கா ஏன் சிரிக்க மாட்டேங்குதுன்னும் கேட்டேல்ல.

பாத்துக்கிட்டே இருந்திருக்கா சார். பாசஞ்சர் போனதுல இருந்து. உங்க பிள்ளை கம்பிக்குக் கீழ நுழைஞ்சத, லைனத் தாண்டுனத, உக்காந்தத. நீங்க பாப்பாவத் தூக்கிக்கிட்டு வரும்போது நான் அவகிட்டப் போனேன். "ஏன் தாயி, பாத்துக்கிட்டேதான இருந்த? ஏன் சொல்லல?"ன்னேன். எழுதுறத நிறுத்தாம, நிமிராம, அதே வார்த்த. "கொடி நின்னுச்சுல்லப்பா."

அந்த மேசைய நான்தான் சார் போட்டேன். பின்வாசலப் பாத்து. கதவு திறந்துதான் இருக்கும், வெளிச்சத்துக்காக. அங்க உக்காந்தா நேராத் தெரியும். தொட்டி. அதுல ஒரு காக்கா உக்காந்தாக்கூட அவளுக்குத் தெரியும்.

நாப்பது நிமிசம் சார்.

மூடி போடாதது முத்துச்செல்விதான். அது நிசம். அது நிசம் சார். நான் பொய் சொல்லல.

என்ன சொல்றீக? கொடிய எடுக்கவா? எடுத்துட்டு அவளக் கிட்ட உக்கார வச்சுப் பேசவா? அந்த அங்கன்வாடி டீச்சரும் போன வாரம் வந்து இதேதான் சொல்லிட்டுப் போனாக. பிள்ளை மனசுல இருக்கிறத வெளிய கொண்டாங்க, பக்கத்துல உக்காந்து மெதுவாக் கேளுங்கன்னாக. நான் கேக்கேன் கேக்கேன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன். ரெண்டு மாசமா இந்த டப்பாவ ஏன் தூக்கிக்கிட்டே அலையிறேன்னு இப்பத்தான் எனக்கு உறைக்குது சார். படிப்புக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கான். போனும் அடிக்குது. இந்தா வந்துட்டேன்யா. நீங்க கிளம்புங்க சார், பாப்பாவ முன்னாடி வைக்காதீக, ஒரு கையில அணைச்சுக்கிட்டு மெதுவாத் தள்ளிக்கிட்டுப் போங்க. கேட்டைத் தூக்குறேன்.

கொடி நிக்கட்டும் சார். எடுத்தா நான் அவகிட்டக் கேக்கணும். கேட்டாச் சொல்லிருவா.